அம்மா பத்திரப்படுத்திய பை

கேள்வி: எனக்கு 36 வயது. திருவாரூர் மாவட்டத்தில் ஒரு கிராமம். ஏழு வயதில், 1996-ல், எனக்கு ரத்தப் புற்றுநோய் வந்தது. சென்னையில் வீடு எடுத்துத் தங்கி இரண்டரை வருடம் சிகிச்சை எடுத்தேன். தலைக்குக் கதிர்வீச்சும் கொடுத்தார்கள். ரத்தமும் தட்டணுவும் எத்தனை முறை ஏற்றினார்கள் என்று அம்மாவுக்கே கணக்கில்லை. சிகிச்சையின் நடுவே வலிப்பு வந்ததால், அப்போது தொடங்கிய மாத்திரையை இன்றும் இரவில் போடுகிறேன். இப்போது எட்டு வயதில் ஒரு பையன் இருக்கிறான். போன மாதம் பித்தப்பைக் கல் ஆபரேஷனுக்கு முன் எடுத்த ரத்தப் பரிசோதனையில் ‘ஹெபடைடிஸ் சி ரியாக்டிவ்’ என்று வந்தது. ஆபரேஷனைத் தள்ளிவைத்துவிட்டார்கள். பழைய கேன்சர்தான் ஈரலுக்கு வந்துவிட்டதா? இத்தனை வருடம் இந்தக் கிருமி உள்ளே இருந்து என்ன செய்திருக்கும்? வீட்டில் எனக்குத் தனித் தட்டு, தனி டம்ளர் வைத்துவிட்டார்கள். பையனைக் கட்டிப்பிடித்துத் தூங்கலாமா? ‘நான்தானே கையெழுத்துப் போட்டு ரத்தம் ஏத்தச் சொன்னேன்’ என்று அம்மா அழுகிறார். தினமும் கீழாநெல்லி அரைத்துக் கொடுக்கிறார். ரிப்போர்ட் நகல்களை இணைத்திருக்கிறேன்.
பெயர் வெளியிட விரும்பாத வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

பையனைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்களே, அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். இன்று ராத்திரியே அவனைக் கட்டிக்கொண்டு தூங்குங்கள். அந்தத் தனித் தட்டையும் டம்ளரையும் மற்ற பாத்திரங்களோடு சேர்த்துக் கழுவி அடுக்கச் சொல்லுங்கள். ஹெபடைடிஸ் சி ரத்தத்தின் வழியாகப் பரவும் கிருமி. ஒன்றாகச் சாப்பிடுவதாலும், தொடுவதாலும், முத்தம் கொடுப்பதாலும், இருமலாலும், ஒரே கழிப்பறையைப் பயன்படுத்துவதாலும் பரவாது. ரத்தம் படக்கூடிய பல் பிரஷ், ரேசர், நகவெட்டி ஆகியவற்றை மட்டும் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். கணவன் மனைவி உறவில் பரவுவது மிக அரிது. ஆனாலும் உங்கள் கணவர் ஒருமுறை பரிசோதனை செய்துகொள்வது நல்லது.

பையனுக்கும் ஒரு பரிசோதனை வேண்டும். தாய்க்குக் கிருமி இருந்தால், பிறக்கும் குழந்தைகளில் நூற்றுக்கு ஐந்தாறு பேருக்குத் தொற்றும். மீதிப் பேருக்குத் தொற்றாது. அவனுக்கு எட்டு வயது ஆகிவிட்டதால் சாதாரண ரத்தப் பரிசோதனை ஒன்றே போதும். அது நெகட்டிவ் என்று வந்துவிட்டால் அவனைப் பற்றிய கவலையை விட்டுவிடலாம். பாசிட்டிவ் என்று வந்தாலும் கலங்க வேண்டாம், குழந்தைகளுக்கும் இப்போது இதற்கு மாத்திரை இருக்கிறது.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருவோம். இது பழைய கேன்சர் இல்லை. ‘ரியாக்டிவ்’ என்றால், இந்தக் கிருமியை உங்கள் உடம்பு எப்போதோ ஒருமுறை சந்தித்து அதற்கு எதிர்ப்பொருள் உருவாக்கியிருக்கிறது என்று அர்த்தம். கிருமி இன்னும் உள்ளே இருக்கிறதா என்பதை இந்தப் பரிசோதனை சொல்லாது. தொற்றிய நூறு பேரில் பதினைந்து முதல் நாற்பத்தைந்து பேர் வரை, ஆறு மாதத்துக்குள் எந்த மருந்தும் இல்லாமலே அதை விரட்டிவிடுகிறார்கள். அவர்களுக்கும் இந்த ரிப்போர்ட் பெரும்பாலும் ஆயுள் முழுக்க ரியாக்டிவ் என்றே வரும். ஆகவே அடுத்து எடுக்க வேண்டியது ‘ஹெச்.சி.வி. ஆர்.என்.ஏ.’ என்ற பரிசோதனை. ரத்தத்தில் கிருமி இப்போது ஓடுகிறதா, எவ்வளவு ஓடுகிறது என்று அது காட்டிவிடும். நீங்கள் அனுப்பிய ரிப்போர்ட்டுகளில் அது இல்லை. அது வராமல் யாரும் உங்களுக்கு எந்த முடிவும் சொல்லக் கூடாது, நான் உட்பட. ஆனால் ஈரல் என்சைம்கள் கொஞ்சம் ஏறியிருப்பதால், கிருமி இருக்கும் என்று எடுத்துக்கொண்டே மேற்கொண்டு எழுதுகிறேன்.

இந்தப் பகுதியை அம்மாவுக்கு வாசித்துக் காட்டுங்கள். ரத்தம் ஏற்றியவர்களுக்குச் சில வாரம் கழித்து மஞ்சள் காமாலை வருவதை எழுபதுகளிலேயே அமெரிக்காவில் ஹார்வி ஆல்டர் என்ற மருத்துவர் கவனித்தார். பரிசோதித்தால் ஏ வகையும் இல்லை, பி வகையும் இல்லை. அதனால் ‘ஏ-யும் அல்லாத பி-யும் அல்லாத’ காமாலை என்றே அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள். கிருமியை அடையாளம் கண்டது 1989-ல். அமெரிக்காவிலேயே தான ரத்தத்தில் இதைச் சோதிப்பது 1990-ல்தான் தொடங்கியது, நம்பகமான சோதனை வந்தது 1992-ல். அதனால்தான் 1993-க்கு முன் சிகிச்சை பெற்ற சிறுவயதுப் புற்றுநோயாளிகள் எல்லோருக்கும் இந்தப் பரிசோதனை வேண்டும் என்று அங்கே விதி எழுதிவைத்திருக்கிறார்கள். நம் நாட்டில் எல்லா ரத்த வங்கிகளிலும் இது கட்டாயமானது 2000-களின் தொடக்கத்தில்தான். நீங்கள் வார்டில் இருந்த 1996-ல் காசுக்கு ரத்தம் கொடுப்பவர்கள்கூட இருந்தார்கள். அந்த ஜனவரியில்தான் உச்ச நீதிமன்றம் அதை ஒழிக்கச் சொல்லித் தீர்ப்பளித்தது. தடை நடைமுறைக்கு வந்தது 1998 ஜனவரி 1 முதல். ஆக, நம் ஊருக்கு 1993 என்ற கணக்கு பொருந்தாது. 2002 வரை ரத்தம் ஏற்றிக்கொண்ட எந்தக் குழந்தையும், இன்று எத்தனை வயதாக இருந்தாலும், ஒருமுறை பரிசோதித்துக்கொள்வது அவசியம். அன்று உங்களுடன் வார்டில் இருந்த யாருடனாவது தொடர்பு இருந்தால் இதைச் சொல்லுங்கள்.

அம்மா கையெழுத்துப் போட்ட நாளில் உங்கள் எலும்பு மஜ்ஜை ரத்தம் தயாரிப்பதையே நிறுத்தியிருக்கும். அந்த நிலையில் தட்டணு எண்ணிக்கை பத்தாயிரத்துக்குக் கீழே போகும், மூக்கிலும் ஈறிலும் ரத்தம் கசியும், அதே கசிவு மூளையில் நடந்தால் குழந்தை கையை விட்டுப் போய்விடும். கேன்சர் மருந்து வேலை செய்யத் தொடங்கும்வரை உங்களைப் பிடித்துவைத்திருந்தது அந்த ரத்தப் பைகள்தான். பையில் கிருமி இருந்திருந்தாலும் அதைக் கண்டுபிடிக்கும் சோதனை அப்போது பல இடங்களில் இல்லை. அதோடு, இந்தக் கிருமி அந்த ரத்தத்தின் மூலம்தான் வந்தது என்று நிரூபிக்கவும் முடியாது. கொதிக்கவைத்துத் திரும்பத் திரும்பப் பயன்படுத்திய ஊசிகள் புழங்கிய காலம் அது.

இத்தனை வருடத்தில் அது என்ன செய்திருக்கும்? ஹெபடைடிஸ் சி சத்தமில்லாமல் வேலை செய்யும். வலி இருக்காது, கண் மஞ்சளாகாது, பசி குறையாது. ஈரல் செல்களில் லேசான அழற்சியை வருடக்கணக்கில் வைத்திருக்கும். அழற்சி ஆறும் இடத்திலெல்லாம் தழும்பு விழும். தழும்புகள் ஒன்றோடொன்று சேர்ந்து ஈரல் கெட்டியாகிச் சுருங்கும் நிலையைத்தான் சிரோசிஸ் என்கிறோம். நாள்பட்ட தொற்று உள்ளவர்களில் நூற்றுக்குப் பதினைந்து முதல் முப்பது பேர், இருபது வருடத்துக்குள் அந்த நிலைக்குப் போகிறார்கள். சிறுவயதில் தொற்றினால் தழும்பு மெதுவாகத்தான் விழும், அது உங்களுக்குச் சாதகம். ஆனால் இருபத்தொன்பது வருடம் என்பது மெதுவாக நடப்பவனும் நெடுந்தூரம் போய்விடக்கூடிய காலம்.

சிறுவயதுக் கேன்சரைத் தாண்டி வந்தவரின் ஈரலை மற்றவர் ஈரலைப் போலவே பார்த்துவிடக் கூடாது. உங்களுக்குக் கொடுத்த மருந்துகளில் மெத்தோட்ரெக்ஸேட், மெர்காப்டோப்யூரின், அஸ்பராஜினேஸ் ஆகியவை இருந்திருக்கும், ரத்தப் புற்றுநோய்க் குழந்தைகள் எல்லோருக்கும் பெரும்பாலும் அவைதான். மூன்றுமே ஈரலைத் தொடும் மருந்துகள். இன்னொன்று இரும்புச் சத்து. ஏற்றும் ஒவ்வொரு யூனிட் சிவப்பணுவிலும் 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பு உடம்புக்குள் வருகிறது. அதை வெளியே தள்ள உடம்புக்கு வழி கிடையாது, ஈரலில்தான் தேங்கும். மாதவிடாய் உள்ள பெண்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையும் என்றாலும், ஃபெரிட்டின் என்ற ரத்தப் பரிசோதனையை ஒருமுறை செய்து பார்த்துவிடுவது நல்லது. தலைக்குக் கதிர்வீச்சு வாங்கிய குழந்தைகள் பெரியவர்களாகும்போது உடல் எடையும் சர்க்கரையும் ஏறும் வாய்ப்பு அதிகம். அதனாலும் ஈரலில் கொழுப்பு படியும். நம் நாட்டில் அதிகம் காணப்படும் ஹெபடைடிஸ் சி மூன்றாம் வகையும் தன் பங்குக்குக் கொழுப்பைப் படியவைக்கும். ஆகவே உங்கள் ஸ்கேனில் எழுதியிருக்கும் ‘ஃபேட்டி லிவர் கிரேடு 1’ என்பதை, ‘இப்பல்லாம் எல்லாருக்கும் இருக்கிறதுதானே’ என்று யாராவது ஒதுக்கினால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

உங்கள் ரிப்போர்ட்டை வைத்தே ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஈரல் என்சைம்களான ஏ.எஸ்.டி. 52, ஏ.எல்.டி. 58, தட்டணு 1 லட்சத்து 62 ஆயிரம். வயதை ஏ.எஸ்.டி.யால் பெருக்கினால் 1872. தட்டணுவை ஆயிரக் கணக்கில் 162 என்று எடுத்து, ஏ.எல்.டி.யின் வர்க்கமூலமான 7.6-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 1233. முன்னதைப் பின்னதால் வகுத்தால் 1.5 வருகிறது. ஃபிப்-4 என்று இதற்குப் பெயர். 1.45-க்குக் கீழே என்றால் பெரிய தழும்பு இருக்க வாய்ப்பு குறைவு, 3.25-க்கு மேலே என்றால் அதிகம். நீங்கள் நடுவில், கீழ்க் கோட்டை ஒட்டி நிற்கிறீர்கள். பயப்படும்படி இல்லை, விட்டுவிடும்படியும் இல்லை. தட்டணு சாதாரண அளவின் அடிமட்டத்தில் இருப்பது என் கண்ணில் படுகிறது. ஈரல் கெட்டியானால் மண்ணீரல் வீங்கித் தட்டணுவைப் பிடித்துவைத்துக்கொள்ளும். உங்களுக்கு அப்படியா, இயல்பிலேயே இவ்வளவுதானா என்று தெரிய, ஈரலின் கெட்டித்தன்மையை அளக்கும் ஃபைப்ரோஸ்கேன் எடுக்க வேண்டும். மூன்று மணி நேரம் ஒன்றும் சாப்பிடாமல் போய்ப் படுத்தால், வலது விலா இடுக்கில் ஒரு கருவியை வைத்து பத்துத் தரம் மெல்லத் தட்டுவார்கள். ஊசியும் இல்லை, வலியும் இல்லை. பத்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

மருந்து பற்றிச் சொல்வதற்கு எனக்கே சந்தோஷமாக இருக்கிறது. பத்துப் பன்னிரண்டு வருடம் முன்னால் நீங்கள் வந்திருந்தால் இன்டர்ஃபெரான் ஊசியை ஆறு மாதம் முதல் ஒரு வருடம் வரை போடச் சொல்லியிருப்பேன். காய்ச்சல், முடி கொட்டுதல், மனச்சோர்வு என்று பழைய கீமோ நாட்கள் திரும்பி வந்தது போலிருக்கும். ஏழு வயதில் அதைப் பார்த்தவர்களிடம் ‘மறுபடியும்’ என்று சொல்லும்போது அவர்கள் முகம் போகும் போக்கை நான் பார்த்திருக்கிறேன். 2013 டிசம்பரில் சோஃபோஸ்புவிர் வந்தது. முதலில் அமெரிக்காவில் ஒரு மாத்திரை ஆயிரம் டாலருக்கு விற்றார்கள். 2015 முதல் நம் நாட்டு நிறுவனங்களே தயாரிக்கின்றன. 2018 ஜூலை 28 முதல் தேசிய கல்லீரல் அழற்சி கட்டுப்பாட்டுத் திட்டத்தில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் குடல், கல்லீரல் பிரிவில் போய்க் கேளுங்கள். சிரோசிஸ் இல்லையென்றால் சோஃபோஸ்புவிரும் டக்லடாஸ்விரும், இருந்தால் சோஃபோஸ்புவிரும் வெல்படாஸ்விரும், பன்னிரண்டு வாரம். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் கிருமி முழுதாகப் போய்விடுகிறது. இதற்குமுன் கேன்சர் வந்தவர்களுக்கும் இது பலிக்கிறது.

ஆனால் உங்கள் கடிதத்தில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள், எனக்கு அதுதான் எல்லாவற்றையும் விட முக்கியமாகப் பட்டது. வலிப்பு மாத்திரை. அதன் பெயரை எழுதவில்லை. 1996-ல் தொடங்கியது என்றால் ஃபெனிட்டாய்ன், ஃபீனோபார்பிட்டோன், கார்பமாஸெபின் இவற்றில் ஒன்றாக இருக்க வாய்ப்பு அதிகம். இந்த மூன்றில் எதுவானாலும், ஹெபடைடிஸ் சி மாத்திரையை உடம்பில் தங்கவிடாமல் வெளியேற்றிவிடும். பன்னிரண்டு வாரம் ஒழுங்காக மாத்திரை சாப்பிட்டும் கிருமி போகாமல் இருந்துவிடக்கூடும். நீங்கள் ஈரல் டாக்டரிடம் போய் உட்காரும்போது ‘வேறு ஏதாவது மாத்திரை போடுறீங்களா’ என்று கேட்பார். முப்பது வருடப் பழக்கத்தில் அது மாத்திரை என்ற நினைப்பே உங்களுக்கு வராமல் போகலாம். அட்டையையே கையில் கொண்டுபோய்க் காட்டுங்கள். நரம்பியல் மருத்துவர் அதை லெவிடிராசிட்டம் போன்ற மருந்துக்கு மாற்றித் தருவார், அது இந்தச் சிகிச்சையோடு மோதாது. மாற்றி சில வாரம் கழித்துத்தான் ஹெபடைடிஸ் மாத்திரையைத் தொடங்க வேண்டும். இதைப் படித்துவிட்டு வலிப்பு மாத்திரையை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள், திடீரென்று நிறுத்தினால் வலிப்பு வரக்கூடும்.

இதே காரணத்துக்காகத்தான் அம்மாவிடம் ஒரு வேலை சொல்லப்போகிறேன். பழைய சிகிச்சைக் காகிதங்கள் வீட்டில் இருக்கும். இப்படிப்பட்ட அம்மாக்கள் அதைத் தூக்கிப் போடுவதே இல்லை. ரெக்சின் பையிலோ, ஜவுளிக்கடைக் கட்டைப் பையிலோ, பரணில் அரிசி டின்னுக்குப் பின்னாலோ இருக்கும். ஓரம் பழுப்பேறிய டிஸ்சார்ஜ் சீட்டு, நர்ஸ் நீல மையில் ரத்தப் பையின் எண் எழுதிய தாள், மருந்துக்கடை ரசீது, எல்லாமே எனக்கு வேண்டும். அதில் ‘டாக்ஸோரூபிசின்’ அல்லது ‘டானோரூபிசின்’ என்று இருக்கிறதா பாருங்கள். அவை இதயத்தின் தசையைப் பலவீனமாக்கக்கூடிய மருந்துகள். இருந்தால் எக்கோ என்ற இதய ஸ்கேன் ஒன்று எடுத்துப் பார்க்க வேண்டும். இதயம் பாதித்து, துடிப்பைச் சீராக்க அமியோடரோன் என்ற மாத்திரை சாப்பிடுபவருக்கு சோஃபோஸ்புவிர் கொடுத்தால் துடிப்பு ஆபத்தான அளவுக்குக் குறைந்துவிடக்கூடும் என்பதால் இதைக் கேட்கிறேன். தலைக்குக் கதிர்வீச்சு எவ்வளவு என்றும் எழுதியிருப்பார்கள். உடல் அசதிக்குக் கிருமியையே குற்றம் சொல்லாமல் தைராய்டையும் சோதிக்க அது காரணமாகும். ஹெபடைடிஸ் பி பரிசோதனையும் மாத்திரை தொடங்குமுன் கட்டாயம் வேண்டும். பி கிருமி உள்ளே தூங்கிக்கொண்டிருந்தால், சி போனதும் அது கிளம்பி ஈரலைத் தாக்கக்கூடும். பி இல்லையென்றால் அதற்குத் தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள், சி கிருமிக்குத் தடுப்பூசி கிடையாது.

மாத்திரை முடிந்து பன்னிரண்டு வாரம் கழித்து மறுபடி ஆர்.என்.ஏ. பார்க்க வேண்டும். அதில் கிருமி இல்லை என்று வந்தால் குணம். இதற்குப் பிறகுதான் பலர் தவறு செய்கிறார்கள். என்னிடம் ஒருவர் வந்தார். சிறுவயதில் நெறிகட்டிப் புற்றுநோய் வந்து பிழைத்தவர். இருபத்திரண்டு வயதில் ரத்த தானம் செய்யப் போனபோது, ‘உங்க ரத்தம் வேண்டாம் சார்’ என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். ஏன் என்று அவர் கேட்கவில்லை, அவர்களும் சொல்லவில்லை. நாற்பதில் ரத்த வாந்தி எடுத்து வந்தபோது சிரோசிஸ் ஆகியிருந்தது. மாத்திரை கொடுத்தோம், கிருமி போனது, லட்டு வாங்கிக் கொடுத்துவிட்டுப் போனவர் மூன்று வருடம் ஸ்கேனுக்கே வரவில்லை. வந்தபோது ஈரலில் நான்கு சென்டிமீட்டரில் கட்டி. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்திருந்தால் இரண்டு சென்டிமீட்டரிலேயே பிடித்து எரித்திருக்கலாம். கிருமி போனாலும், ஏற்கெனவே சிரோசிஸ் ஆன ஈரலில் கட்டி வரும் வாய்ப்பு குறையுமே தவிர, இல்லாமல் போகாது. உங்கள் ஃபைப்ரோஸ்கேனில் தழும்பு அதிகம் என்று வந்தால், ஆறு மாதத்துக்கு ஒரு அல்ட்ராசவுண்ட் ஆயுள் முழுக்க உண்டு. தழும்பு குறைவு என்று வந்தால் அது தேவைப்படாது. உங்கள் கணக்கைப் பார்த்தால் இரண்டாவதற்கே வாய்ப்பு அதிகம், ஆனால் அதை ஸ்கேன் சொல்லட்டும்.

பித்தப்பை ஆபரேஷனைப் பற்றி. ஹெபடைடிஸ் சி இருக்கிறது என்பதற்காக யாருக்கும் ஆபரேஷனை மறுக்க வேண்டிய அவசியம் இல்லை. எல்லா நோயாளிக்கும் எடுக்க வேண்டிய அதே கையுறை, கண்ணாடி, ஊசிக் கவனம் போதும். வலியும் காய்ச்சலுமாக இருந்தால் காத்திருக்காமல் செய்துகொள்ளுங்கள். வலி இல்லையென்றால் ஃபைப்ரோஸ்கேன் பார்த்துவிட்டுச் செய்வது நல்லது. சிரோசிஸ் இருந்தால் மயக்க மருந்தும் ரத்தக் கசிவும் வேறு கணக்கு, சர்ஜனுக்கு அது முன்கூட்டியே தெரிய வேண்டும்.

அப்புறம், கீழாநெல்லி. அம்மாவின் கையால் அரைத்தது என்பதால் தயங்கித்தான் சொல்கிறேன். அந்தச் செடியை எண்பதுகளில் சென்னையிலேயே ஹெபடைடிஸ் பி-க்கு ஆராய்ந்தார்கள், நம்பிக்கையும் பிறந்தது. பிறகு செய்த ஆய்வுகள் அதை உறுதிசெய்யவில்லை. சி கிருமியை அது போக்காது. காமாலை தானாக இறங்கும் நோய்களில் அதற்குப் பெயர் கிடைத்துவிட்டது. அதைவிட எனக்குக் கவலை, கீழாநெல்லியோடு நிற்காமல் கடையில் விற்கும் ஈரல் சூரணம், லேகியம் என்று போய்விடுவது. கொரோனா சமயத்தில் சீந்தில் கொடி கஷாயம் குடித்து ஈரல் வீங்கி வந்தவர்களைப் பற்றி மும்பை மருத்துவர்கள் எழுதினார்கள். மாத்திரை முடியும்வரை எதுவும் வேண்டாம். அம்மாவுக்கு ஏதாவது கலந்து கொடுத்தே ஆக வேண்டும் என்றிருந்தால், சர்க்கரை குறைத்து இரண்டு வேளை ஃபில்டர் காபி போட்டுக் கொடுக்கட்டும். ஈரலுக்குக் காபி நல்லது என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. மது நீங்கள் தொடமாட்டீர்கள் என்று நினைக்கிறேன், கேட்காமல் விடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

இன்னொரு குழந்தை எண்ணம் இருந்தால், மாத்திரையை முடித்துக் குணம் என்று தெரிந்த பிறகு முயலுங்கள். அந்தக் குழந்தைக்கு இந்த ஐந்தாறு சதவீதக் கவலையும் இருக்காது.

அடுத்த வாரம் ஆர்.என்.ஏ.வுக்கு ரத்தம் கொடுத்துவிடுங்கள், அதே நாளில் பையனுக்கும் கணவருக்கும் எடுத்துவிடலாம். ஃபைப்ரோஸ்கேனுக்குப் போகும்போது மாத்திரை அட்டையையும் அந்தப் பையையும் எடுத்துக்கொண்டு அம்மாவையும் கூட்டிப் போங்கள். காகிதத்தில் இல்லாதது அவர் நினைவில் இருக்கும். எந்த மருந்துக்கு வாந்தி எடுத்தீர்கள், வலிப்பு வந்தது எந்த ஊசிக்குப் பிறகு என்பதெல்லாம் அவர் ஒருவருக்குத்தான் தெரியும். ரிப்போர்ட் வந்ததும் மாத்திரையின் பெயரோடு எனக்கு எழுதுங்கள்.